பிளட் கல்ச்சர் போத்தல்: குடுக்கிற காசுக்குப் பெறுமதியோ? லாப்புக்குள்ள இருந்து ஒரு ரிவ்யூ

வாசிச்சு முடிக்கப் பொறுமை இல்லாத ஆக்களுக்கு முடிவை முதலே சொல்லிடுறன். ரத்தத்தில கிருமி இருக்கோ எண்டு வளத்துப் பாக்கிறதுக்கு மெசினில போடுற பிளட் கல்ச்சர் போத்தலுக்கு நான் 5க்கு 4 குடுப்பன். சாமான் நல்ல சாமான். ஆனா 10 மில்லி கேக்கிற போத்தலுக்கு 2 மில்லியை விட்டுப்போட்டு, அஞ்சு நாளால "ஒண்டும் வளரேல்ல" எண்டு ரிப்போர்ட் வரேக்க போத்தலைப் பேசிப் பிரியோசனம் இல்லை. நான் யாழ்ப்பாணத்தில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி லாப்பில எம்எல்ரியா, அதான் ரெஸ்ட் செய்யிற ஆளா நிக்கிறன், கூட நேரம் கிருமி பாக்கிற மைக்ரோ பக்கம்தான். போனுக்கும் ரைஸ் குக்கருக்கும் ரிவ்யூ எழுதுறதுக்கு எத்தினையோ பேர் இருக்கினம், உயிர் தப்புறதும் தப்பாததும் தங்கியிருக்கிற இந்தப் போத்தலைப் பற்றித் தமிழில ஆரும் எழுதிக் காணேல்ல, அதான் எழுதுறன். வோட்டில நிக்கிற மிஸ்ஸிமார், அதான் நேர்ஸ்மார், வாசிச்சா இன்னும் சந்தோசம்.

முந்தி லாப்பிலயே பிரெயின் ஹார்ட் இன்ஃபியூசன் புறொத் எண்ட கிருமி வளக்கிற சத்துத் தண்ணி செய்து கண்ணாடிப் போத்தலில ஊத்தி, ஓட்டோகிளேவில வச்சு எடுத்து அடுக்கி வைப்பினம். இப்பவும் கன இடத்தில அதுதான் ஓடுது, அதில பிழை இல்லை, கிருமி அதிலயும் வளரும். கரைச்சல் என்னெண்டா அதை ஆள்தான் பாக்கோணும். காலமை வந்து ஒவ்வொரு போத்தலா வெளிச்சத்துக்கு நேர பிடிச்சு, கலங்கியிருக்கோ, ரத்தம் கரைஞ்சிருக்கோ, மேல குமிழ் கட்டியிருக்கோ எண்டு பாத்து, ஒண்டும் தெரியாட்டிலும் பிளைண்ட் சப்கல்ச்சர் எண்டு பிளேட்டில கீறிப் பாக்கோணும். இரவு 11 மணிக்குப் பெருகின கிருமியை விடியத்தான் காணுவம், இடையில ஞாயிற்றுக்கிழமை வந்திட்டா அதைவிட மோசம்.

மெசின் போத்தலில இந்த வில்லங்கம் இல்லை. பாக்டெக், பாக்ட்-அலர்ட் எண்ட ரெண்டு மெசினையும்தான் கூடக் கேள்விப்படுவியள். ரெண்டும் வேலை செய்யிறது ஒரே யோசினையிலதான்: கிருமி வளர்ந்தா காபனீரொட்சைட் விடும், போத்தலின்ர அடியில இருக்கிற சென்சர் அதுக்கு மாறும், மெசின் 10 நிமிசத்துக்கு ஒருக்கா அந்த அடியைப் பாத்துக்கொண்டே இருக்கும், வாயு ஏறுற வேகம் கூடினா உடன கத்தும். பாக்ட்-அலர்ட்டில அடி மஞ்சளா மாறுறது எங்கட கண்ணுக்கே தெரியும், பாக்டெக்கில அது ஃபுளோரசன்ஸ், மெசினுக்குத்தான் தெரியும். அதால பேர் ஸ்டிக்கரைக் கொண்டுபோய் அடியில ஒட்டாதேங்கோ, போத்தலில வாற பார்கோடுக்கு மேலயும் ஒட்டாதேங்கோ. சிரிக்காதேங்கோ, வருது. 1970களில வந்த முதல் பாக்டெக் மெசின் கதிரியக்கக் காபன் 14 கலந்த போத்தலிலதான் ஓடினது, நல்லகாலம் எங்கட தலையில அது விழேல்ல.

போத்தலுக்குள்ள இருக்கிறதையும் சொல்லோணும், காசு அதுக்குத்தான் போகுது. புறொத்தில எஸ்பிஎஸ் எண்டு ஒண்டு கலந்திருக்கு, ரத்தம் உறையாமலும், ரத்தத்தில இயல்பா இருக்கிற எதிர்ப்புச் சக்தி கிருமியைக் கொல்லாமலும் பாக்கிறது அதுதான். அடுத்தது ரெசின். போத்தலைச் சரிச்சா அடியில குறுணி குறுணியா உருளும். ஆளுக்கு முதலே குடுத்த அன்ரிபயோட்டிக் ரத்தத்தோட சேந்து வந்தா அதைப் பிடிச்சு வச்சிருக்கிறதுக்கு. எங்கட ஊருக்கு இது பெரிய உதவி, ஏனெண்டா காய்ச்சல் எண்டா சனம் முதல் ஏறுறது பாமசி, ரெண்டு நாள் அமொக்சிசிலின் போட்டுச் சரிவராட்டித்தான் ஆஸ்பத்திரி. எண்டாலும் ரெசின் செத்த கிருமியை எழுப்பாது. முதல் டோஸ் ஏற முதல் ரத்தம் எடுக்கிறதுக்கு ஈடா ஒரு போத்தலும் இன்னும் வரேல்ல.

இனி ரத்த அளவு. இதிலதான் எனக்கு விசர் வாறது.

பெரிய ஆக்களின்ர ரத்தத்தில கிருமி பரவியிருந்தாலும் அது கொட்டிக் கிடக்கிறதில்லை. ஒரு மில்லியில ஒண்டோ ரெண்டோ, கன பேருக்கு அதுகூட இல்லை. அப்ப 2 மில்லியை எடுத்தா அதுக்குள்ள ஒரு கிருமிகூட வராமப் போறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு, மெசின் எவ்வளவு விலையா இருந்தும் இல்லாததை வளக்கேலாது. கூடுற ஒவ்வொரு மில்லிக்கும் பிடிபடுற வாய்ப்புக் கிட்டத்தட்ட 3 வீதம் கூடும் எண்டு கணக்கு. அதுக்குத்தான் போத்தலுக்கு 8 இலருந்து 10 மில்லி, ஏரோபிக் (ஒட்சிசனில வளர்ற கிருமிக்கு) ஒண்டு அனெரோபிக் (ஒட்சிசன் இல்லாம வளர்றதுக்கு) ஒண்டு சேத்து ஒரு செட், அதையும் ரெண்டு இடத்தில குத்தி ரெண்டு செட் எடுக்கச் சொல்லுறது. எங்கட பக்கம் நடக்கிறது என்னெண்டா ஒரு ஏரோபிக் போத்தல், அதுக்குள்ள எஃப்பிசி எண்ட ரத்த அணு எண்ணுற ரெஸ்ட்டுக்கு எடுத்து மிஞ்சின ரத்தம். கேட்டா "அம்மாவுக்கு நரம்பே இல்லை மிஸ், இதுக்கு மேல வராது" எண்டு பதில் வரும். சில ஆக்களுக்கு அது உண்மை, பாவம், டயலிசிஸ் ஆக்களின்ர கையைப் பாத்தா விளங்கும். ஆனா எல்லா அம்மாவுக்கும் எல்லா ஐயாவுக்கும் நரம்பு இல்லாமலே இருக்குமோ?

வீட்டுக்காரரும் சத்தம் போடுவினம், "இவ்வளவு ரத்தத்தை உறிஞ்சினா ஆள் என்னத்துக்கு ஆகும்" எண்டு. ஒரு செட்டுக்கு 20 மில்லி எண்டா நாலு தேக்கரண்டி. ரத்ததானத்துக்கு 450 மில்லி குடுத்துப்போட்டு ஒரு நெக்டோ குடிச்சிட்டு சைக்கிளில வீட்ட போறவையும் இதே ஊரிலதான் இருக்கினம். சின்னப் பிள்ளையளின்ர கதை வேற, அவைக்குத் தனிப் போத்தல் இருக்கு, பாக்டெக் பீட்ஸ் எண்டா 1 இலருந்து 3 மில்லி போதும். அந்தப் போத்தலைப் பெரிய ஆளுக்கு எடுத்துப்போட்டு "குறைய ரத்தம் போதும்தானே" எண்டு சொல்லாதேங்கோ. அது ரத்தம் குறைஞ்ச சின்ன உடம்புக்குச் செய்தது.

கூட விட்டாலும் கூடாது. போத்தலுக்குள்ள வெற்றிடம் வச்சுத்தான் மூடியிருக்கு, ஊசி குத்தின உடன அது தன்ரபாட்டில இழுக்கும், 10இல நிப்பாட்டோணும் எண்டு அதுக்குத் தெரியாது. அளவுக்கு மேல போனா வெள்ளையணுக்களே விடுற காபனீரொட்சைட்டுக்கு மெசின் கத்திப்போடும், கிராம் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில பாத்தா கிருமி ஒண்டும் இருக்காது. லுக்கீமியா ஆக்களின்ர போத்தலிலயும் இப்பிடி வரும். இதுக்கு ஒரு சுகமான வழி இருக்கு: குத்த முதல் போத்தலை நிமித்தி வச்சு, புறொத் நிக்கிற மட்டத்திலருந்து லேபிளில இருக்கிற கோடுகளை எண்ணி 10 மில்லி வாற இடத்தில பேனையால கீறி விடுங்கோ. ஒரு செக்கன் வேலை. பட்டர்ஃபிளை ஊசியால நேர எடுக்கிறதெண்டா ஏரோபிக் முதல், ஏனெண்டா குழாயில நிக்கிற காத்து அதுக்குள்ள போனாப் பரவாயில்லை. சிரிஞ்சில எடுத்து விடுறதெண்டா அனெரோபிக் முதல். ரத்தம் கொஞ்சம்தான் கிடைச்சதெண்டா யோசிக்காம ஏரோபிக்குக்கு விடுங்கோ.

அடுத்தது தோல். முழங்கை மடிப்பில நிக்கிற ஸ்டெஃப் எண்ட தோல் கிருமி போத்தலுக்குள்ள போனா அது சந்தோசமா வளரும், மெசினுக்கு அது கையிலருந்து வந்ததோ ரத்தத்திலருந்து வந்ததோ எண்டு தெரியாது. நல்ல இடத்தில இப்பிடிக் கலப்படமாகிறது 3 வீதத்துக்குக் கீழ நிக்கோணும் எண்டது பழைய அளவுகோல். 70 வீத அல்கஹோலில 2 வீதம் குளோர்ஹெக்சிடின் கலந்ததால 30 செக்கன் தேச்சு, பேந்து காய விடோணும். காய விடுறதுதான் முக்கியம், ஈரத்தோட குத்தினா தேச்சதில பாதி வீண். துடைச்சாப் பிறகு "நரம்பு எங்க" எண்டு திருப்பி விரலால தடவினா முழுக்க வீண். இன்னொண்டு, கன பேருக்குத் தெரியாதது: போத்தலின்ர பிளாஸ்டிக் மூடியைக் கழட்டினா உள்ள தெரியிற றப்பர் கிருமி நீக்கினது இல்லை. புதுசா மினுங்கிறதைப் பாத்து அப்பிடி நினைக்கினம். அதையும் அல்கஹோலால துடைச்சுக் காய விட்டுத்தான் குத்தோணும், அயடின் போடக்கூடாது, றப்பரை அரிக்கும். என்னைக் கேட்டா கொம்பனிக்காரர் இதை லேபிளில கொட்டை எழுத்தில போடோணும். நான் வெட்டின ஒரு மார்க் இதுக்குத்தான்.

ரெண்டு செட் எடுக்கிறதின்ர அருமையும் இஞ்சதான் விளங்கும். ஒரு செட்டில மட்டும் கோஅகுலேஸ் நெகட்டிவ் ஸ்டெஃப் எண்ட தோல் ஸ்டெஃப் வந்து மற்றதில ஒண்டும் இல்லையெண்டா தோலிலருந்து வந்தது எண்டு ஓரளவு துணிஞ்சு சொல்லலாம், ரெண்டிலயும் அதே கிருமி, ஆளுக்குப் பெரிய நரம்பில போட்ட குழாய், சென்ரல் லைனும் இருக்கு எண்டா அதை விடேலாது. ஒரே ஒரு போத்தலை அனுப்பிப்போட்டு "மிஸ், இது உண்மையோ பொய்யோ" எண்டு போனில கேட்டா நான் சாத்திரமா பாக்கிறது?

இரவு எடுத்த போத்தலை காலமை வரைக்கும் ஃபிரிட்ஜில வைக்கிறது இன்னொரு அநியாயம். சிறுநீர் சாம்பிள் வைக்கிற பழக்கத்தில இதையும் வச்சுப்போடுவினம். நியூமோகொக்கஸ், ஹீமொஃபிலஸ், மெனிஞ்சொகொக்கஸ் மாதிரிக் கிருமியள் குளிருக்குத் தாக்குப்பிடிக்காது. வெளியில மேசையில வைக்கலாம், ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள லாப்புக்கு வந்தா திறம், நாலைத் தாண்ட விடாதேங்கோ. எங்கட லாப் இரவில பூட்டுறதில்லை, ஆனா "காலமை சேத்து அனுப்புவம்" எண்ட எண்ணம் வோட்டை விட்டுப் போக மாட்டுது.

சரி, மெசின் கத்தினாப் பிறகு என்ன நடக்குது? உண்மையான பொசிட்டிவில கூடப்பங்கு முதல் 48 மணித்தியாலத்துக்குள்ளயே கத்திப்போடும், அஞ்சு நாள் வைக்கிறது பிந்தி வளர்றதுகளுக்கு. போத்தலைக் கபினற்றுக்குள்ள கொண்டுபோய் மேல துடைச்சு, கொஞ்சம் இழுத்து, ஸ்லைடில ஒரு துளி, பேந்து பிளட் அகார், சொக்லேட் அகார், மக்கொங்கி எண்ட வளர்ப்புப் பிளேட்டுகளில ஒவ்வொரு துளி. கிராம் பாத்த உடன வோட்டுக்குப் போன், ரிப்போர்ட் அடிக்கிற வரைக்கும் நிக்கிறதில்லை. ஊதாக் கொத்து எண்டா ஸ்டெஃப் பக்கம், ஊதாச் சங்கிலி எண்டா ஸ்ட்ரெப் பக்கம், ரோசாக் குச்சி எண்டா கிராம் நெகட்டிவ், டொக்டர் அந்த நேரமே மருந்தை மாத்தலாம். கிருமியின்ர பேர் அடுத்த நாள், எந்த மருந்து கேக்கும் எண்டு சொல்லுற ஏபிஎஸ்ரி அதுக்கும் அடுத்த நாள். மால்டி-ரொஃப் எண்ட கிருமியை இனங்காணுற மெசின் இருக்கிற லாப்பில கொலனி வந்தா நிமிசக் கணக்கில பேர் சொல்லும், எங்களுக்கு இன்னும் ஏபிஐ எண்ட ரெஸ்ட் பட்டியும் கண்ணும்தான். சிலவேளை மெசின் கத்தும், ஸ்லைடிலயும் ஒண்டும் இல்லை, பிளேட்டிலயும் ஒண்டும் வராது. நியூமோகொக்கஸ் தன்னைத்தானே கரைச்சுக்கொள்ளுற சாதி, போத்தலை எடுக்கப் பிந்தினா இப்பிடி ஏமாத்தும்.

இந்தப் போத்தல் தன்ர காசை எப்பிடி எடுத்துக் குடுக்குது எண்டதுக்கு ஒண்டு சொல்லுறன். மாரி மழைக்குப் பிறகு வயல் செய்யிற ஒரு ஐயா, சீனி வருத்தமும் இருக்கு, காய்ச்சல் விடேல்ல, நெஞ்சிலயும் சளி. ரெண்டு செட்டும் வடிவா நிரப்பி வந்தது, எடுத்த மிஸ்ஸிக்குக் கோயில் கட்டலாம். அடுத்த நாள் ரெண்டும் பொசிட்டிவ். ஸ்லைடில ரோசாக் குச்சி, ரெண்டு முனையும் கருத்து நடு வெளிறி, சேஃப்டி பின் எண்டு நாங்கள் சொல்லுற தோற்றம். ஒக்சிடேஸ் ரெஸ்ட் பொசிட்டிவ். இந்த இடத்தில "சூடோமோனாஸ்" எண்டு வேற கிருமியின்ர பேரை எழுதி அனுப்பிறது சரியான சுகம், கன இடத்தில அப்பிடித்தான் போயிருக்கும். பிளேட்டில மூண்டு மருந்து டிஸ்க் வச்சம், மருந்து கேட்டா டிஸ்க்கைச் சுத்திக் கிருமி வளராத வட்டம் விழும்: ஜென்ரமைசினுக்கும் கொலிஸ்ரினுக்கும் வட்டமே இல்லை, கோ-அமொக்சிகிளாவுக்கு நல்ல வட்டம். அப்பிடி வந்தா மெலியோய்டோசிஸ் எண்டு சந்தேகப்படோணும், மண்ணிலயும் வெள்ளத்திலயும் கிடக்கிற பேர்கோல்டேரியா. 1927இலயே இலங்கையில பதிவான வருத்தம், கன காலம் அதை இஞ்ச ஆரும் தேடேல்ல, அதால காணேல்ல. ஐயாவுக்கு உடன மெரோபெனம் ஏறிச்சு. இதுக்கு ஊசி மருந்து ஆகக் குறைஞ்சது 10 இலருந்து 14 நாள், பேந்து மூண்டு மாதம் கோ-ட்ரைமொக்சசோல் குளிசை. வழமையான அஞ்சு நாள் மருந்தோட வீட்ட விட்டா திரும்பி வரும். லாப்பில நிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒண்டு, உப்பிடி ஒரு பிளேட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பாக்கிற பழக்கம் இருந்தா இண்டையோட விடுங்கோ.

போத்தலால ஏலாததையும் சொல்லாட்டி ரிவ்யூ ஆகாது. 2024 டிசம்பரில எலிக்காய்ச்சல் எங்கட மாவட்டத்தை உலுப்பேக்க "பிளட் கல்ச்சர் நெகட்டிவ் எண்டா எலிக்காய்ச்சல் இல்லைத்தானே" எண்டு படிச்ச ஆக்களே கேட்டவை. லெப்டோஸ்பைரா இந்தப் போத்தலில பிடிபடாது, அதுக்கு வேற மீடியம், நடைமுறையில அன்ரிபொடி, பிசிஆர் மாதிரி ரெஸ்ட்டுகள்தான். டெங்கு வைரஸ், அதுவும் வளராது. உண்ணிக்காய்ச்சல் கிருமிக்கு உயிருள்ள கலம் வேணும், புறொத்துக்கு அது மசியாது. நெருப்புக்காய்ச்சல் எண்டா மற்றப் பக்கம், அதுக்குப் போத்தல்தான் சரி. அன்ரிபொடி பாக்கிற விடால் ரெஸ்ட்டை நம்பி "டைபொயிட்" எண்டு முத்திரை குத்தின காலம் யாழ்ப்பாணத்தில கொஞ்ச நஞ்சமில்லை, விடால் பழைய தொற்றுக்கும் தடுப்பூசிக்கும் வேற கிருமிக்கும்கூட ஏறும். முதல் கிழமையில, மருந்துக்கு முதல், நிறைய ரத்தம் எடுத்தா போத்தல் நெருப்புக்காய்ச்சல் கிருமி சல்மொனெல்லாவைக் கையும் களவுமாப் பிடிச்சுத் தரும், எந்த மருந்து கேக்கும் எண்டும் சொல்லும். அதிலயும் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்குத்தான் வளரும். நெகட்டிவ் வந்த உடன "ஒண்டும் இல்லை" எண்டு ஆளை வீட்ட அனுப்பேலாது.

வெய்யில் ஒரு தனிப் பிரச்சினை, கொழும்பில இருக்கிற ஏஜென்ட்மாருக்கு விளங்காதது. பாக்டெக் போத்தல் 2 இலருந்து 25 டிகிரிக்குள்ள வைக்கோணும், பாக்ட்-அலர்ட் பிளஸ் 15 இலருந்து 30. எங்கட சித்திரை வெக்கைக்குள்ள ஏசி இல்லாத ஸ்டோரில ரெண்டுமே சரிவராது. எங்களுக்குச் சாமான் தாற ஏஜென்ட் (பேர் வேண்டாம்) ஒருக்கா பெட்டியைச் சும்மா லொறியில மற்றச் சாமானோட ஏத்தி அனுப்பி, அது மத்தியான வெய்யிலுக்குள்ள வந்து இறங்கினது, அட்டைப் பெட்டியைத் தொடவே சுட்டது. திறந்து பாத்தா எக்ஸ்பயரி வேற கிட்ட. திருப்பி எடுக்கச் சொன்னா "மேடம், சீல் உடைச்சிட்டியளே" எண்டு கதை. இப்ப ஓடர் பண்ணேக்கயே எக்ஸ்பயரி எந்த மாதம் எண்டு எழுத்தில கேட்டுத்தான் எடுக்கிறம்.

கரண்டும் யோசிக்கோணும். 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினது மறந்திருக்க மாட்டியள். மெசின் 35 டிகிரி அளவிலயே நிக்கோணும், ஜெனரேட்டர் பிடிக்கிற இடைவெளிக்கு நல்ல யூபிஎஸ் இல்லாம இந்த மெசினை வாங்கக் கூடாது. பேந்து ஒரு கொம்பனி மெசினுக்கு மற்றக் கொம்பனி போத்தல் போடேலாது, பிரின்டருக்கு மை வாங்கிற மாதிரித்தான், மெசினை எடுத்த அண்டைக்கே போத்தலுக்கும் கழுத்தைக் குடுத்தாச்சு. 2024 ஜூலையில பாக்டெக் போத்தல் தட்டுப்பாடு எண்டு அமெரிக்காவில நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் சிடிசியே அறிவிப்பு விட்டு, தேவையில்லாம கல்ச்சர் எடுக்காதேங்கோ எண்டு சொன்னது. அங்கயே அப்பிடி எண்டா இஞ்ச வரிசையில நாங்கள் எத்தினையாவது எண்டு யோசியுங்கோ. அதால பழைய புறொத் போத்தல் செய்யிற கைப்பழக்கத்தை நாங்கள் விடேல்ல.

விலை டொலரோட ஏறி இறங்கிறதால இலக்கம் போடேல்ல, நான் இண்டைக்கு எழுதினா அடுத்த மாதம் பொய்யாப் போடும். கொடிகாமம் பக்கம் சின்ன லாப் நடத்திற அண்ணை ஒராள் "தங்கச்சி, எனக்கு இது கட்டுப்படியாகுமோ" எண்டு கேட்டவர். ஆகச் சின்ன பாக்டெக்குகளில ஒண்டு எஃப்எக்ஸ் 40, பேரிலயே இருக்கு, 40 போத்தல் பிடிக்கும். ஒவ்வொண்டும் அஞ்சு நாள் கிடக்கும் எண்டு வச்சா நாளுக்கு 8 போத்தல் வந்தாத்தான் அது நிரம்பும். கிழமைக்கு ரெண்டு மூண்டு கல்ச்சர் வாற இடத்தில மெசின் சும்மா சூடாகிக்கொண்டு நிக்கும், போத்தல் ஸ்டோரில எக்ஸ்பயர் ஆகும். அவருக்கு நான் சொன்னது, மெசினை விடுங்கோ, பெரிய லாப் ஒண்டோட கதைச்சுப் போத்தலை மட்டும் எடுத்து வையுங்கோ, வடிவா நிரப்பி, எடுத்த நேரத்தையும் எத்தினை மில்லி எண்டதையும் துண்டில எழுதி, மோட்டச்சைக்கிளில பெடியனிட்டக் குடுத்து விடுங்கோ, ரவுணுக்கு வர ஒரு மணித்தியாலம் காணும். அவர் ஓம் எண்டுபோட்டு அடுத்ததாக் கேட்டது, "அப்ப பெட்டிக்குள்ள ஐஸ் போடவோ?"